ஜுவல் இன் தி கிரவுன்: பதினாலு எபிசோடையும் பாதியில விடாம பாக்கறது எப்படி

நேரா விஷயத்துக்கு வந்துடறேன், ஏன்னா இந்த சீரியலைப் பத்தி கொஞ்சமாச்சும் தெரிஞ்சுக்காம உக்காந்தா நாலாவது எபிசோடுல எந்திரிச்சுப் போயிடுவீங்க, சேலத்துல எனக்குத் தெரிஞ்ச பாதிப் பேரு அப்படித்தான் போயிருக்காங்க.

பால் ஸ்காட்டுன்னு ஒரு இங்கிலீஷ்காரர், ரெண்டாம் உலகப்போர்ல பட்டாளத்துல சேந்து இந்தியாவுக்கு வந்தவர், ஊருக்குத் திரும்பிப் போயி நாலு நாவல் எழுதினாரு. முதல் நாவல் 1966ல வந்துச்சு, கடைசி 1975ல. நாலையும் சேத்து ராஜ் குவார்டெட்னு சொல்லுவாங்க, மொத்தமா ரெண்டாயிரம் பக்கத்தை ஒட்டி வரும். கிரானடா டெலிவிஷன்காரங்க அதை பதினாலு எபிசோடா எடுத்து 1984 ஜனவரில ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் இங்கிலாந்து டிவில போட்டாங்க. சீரியல் பேரு முதல் நாவலோட பேருதான், ஜுவல் இன் தி கிரவுன். கதை 1942ல ஆரம்பிச்சு 1947ல முடியுது, அதாவது வெள்ளைக்காரன் மூட்டை கட்டுன கடைசி அஞ்சு வருஷம்.

கதையை உடைச்சிடுவேனோன்னு பயப்படாதீங்க, ரெண்டாவது எபிசோடுக்குள்ள நடக்கறதை மட்டும்தான் வெளிப்படையா சொல்லப்போறேன், அதுக்கு மேல யாரு செத்தாங்க யாரு பொழச்சாங்கன்னு ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

புக்கு முதல்லயா, சீரியல் முதல்லயா

சீரியல்தான் முதல்ல. நாவல் விசுவாசிங்க சண்டைக்கு வருவாங்க, வரட்டும். காரணம் என்னன்னா முதல் நாவல் ஒரு நேர்கோட்டுக் கதை இல்லைங்க, ஒரே ராத்திரில நடந்த ஒரே சம்பவத்தை ஒருத்தர் கடிதமா எழுதறாரு, ஒருத்தர் பேட்டியா சொல்றாரு, ஒருத்தர் வாக்குமூலமா குடுக்கறாரு, எல்லாம் முடிஞ்சு இருபது வருஷம் கழிச்சு ஒரு ஆளு ஊருக்கு வந்து இதையெல்லாம் பொறுக்கி எடுத்து ஒட்டவைக்கிறாரு. படிக்கப் படிக்க சொகமா இருக்கும், ஆனா யாரு எவருன்னு தெரியாதவங்களுக்கு முதல் நூறு பக்கத்துலயே தலை சுத்திரும். டிவிக்கு திரைக்கதை எழுதின கென் டெய்லர் பண்ண பெரிய காரியமே இதையெல்லாம் பிரிச்சு, தேதி வாரியா அடுக்கி வச்சதுதான். அதனால சீரியலைப் பாத்துட்டு புக்குக்குப் போனா, சம்பவம் உங்களுக்கு முன்னாடியே தெரியும், ஒவ்வொருத்தரும் அதை எப்படி மாத்திச் சொல்றாங்கன்னு ரசிக்கலாம்.

டிஸ்க், கேபிள், டிவி செட்டிங்

ஓடிடில இன்னிக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது, அதனால தேடிப் பாருங்க, கிடைச்சா நல்லது. டிவிடி செட்டு வாங்கறதா இருந்தா ஒரு விஷயம் கவனிங்க. எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டு பிளேயர்ல ஓடும்னு ரீஜன் நம்பர் போட்டுப் பூட்டி வச்சிருப்பாங்க, இங்கிலாந்துல விக்கற டிஸ்க் ரீஜன் 2, நம்ம நாட்டு பிளேயர் ரீஜன் 5, அதனால வீட்டு பிளேயர்ல போட்டா பாட மாட்டேன்னு அடம் பிடிக்கலாம். பழைய லேப்டாப்புல டிஸ்க் டிரைவ் இருந்தா விஎல்சிங்கற வீடியோ பிளேயர் சாஃப்ட்வேர்ல போட்டு, எச்டிஎம்ஐ கேபிள்ல டிவிக்கு இழுத்துக்கங்க, பெரும்பாலும் ஓடிரும். அமெரிக்கா செட்டைவிட இங்கிலாந்து செட்டு பரவால்ல, ஏன்னா அவங்களுதும் நம்மளுதும் பால் (PAL)ங்கற ஒரே டிவி சிஸ்டம்.

அடுத்து ரொம்ப முக்கியமானது, யாரும் பண்ணாதது. ரிமோட்டை எடுத்து பிக்சர் சைஸ்னு இருக்கற மெனுவுக்குப் போங்க. இந்த சீரியல் 16 எம்எம் ஃபிலிம்ல எடுத்தது, அந்தக் காலத்து டிவி மாதிரி 4:3 அளவு. உங்க டிவி 16:9. ஸ்ட்ரெச்னு வச்சீங்கன்னா எல்லாரும் ரெண்டு சுத்து பெருத்துப் போயி நிப்பாங்க, ஜூம்னு வச்சீங்கன்னா மேல தலைமுடியும் கீழ கையும் வெட்டுப்படும். ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வந்தா வரட்டும், 4:3லயே விடுங்க. இதுல கை ரொம்ப முக்கியம், யாரு கையில என்ன புடிச்சிருக்காங்க, யாரு கை நடுங்குதுன்னு அடிக்கடி காட்டுவாங்க. அப்புறம் படத்தை வழவழன்னு ஆக்கற மோஷன் செட்டிங்கை ஆஃப் பண்ணிடுங்க. படம் கொஞ்சம் பொறிப்பொறியாத்தான் இருக்கும், அது டிஸ்க் ரிப்பேர் இல்ல, ஃபிலிமோட குணமே அதுதான்.

சப்டைட்டில் கண்டிப்பா போடுங்க. எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும்னு வீராப்பு வேணாம். ஆளாளுக்கு மெல்லமாத்தான் பேசறாங்க, சேலத்து ஏப்ரல் மாசத்துல ஃபேனை அஞ்சுல வச்சுட்டு உக்காந்திருக்கற நமக்கு பாதி வசனம் ஃபேன்லயே போயிரும்.

ஒரு பேப்பர், நாலு கட்டம்

டிவி பக்கத்துல ஒட்டறதுக்கு ஒரு ஏ4 பேப்பர் எடுங்க. நாலு கட்டம் போடுங்க.

முதல் கட்டத்துல மாயாப்பூர்னு எழுதுங்க. அதுல டாஃப்னி மேனர்ஸ், ஹரி குமார், ரொனால்ட் மெரிக், லேடி சட்டர்ஜி, சிஸ்டர் லுட்மிலா, மிஷன் ஸ்கூல் எட்வினா கிரேன். டாஃப்னியோட சொந்த அத்தை ஒருத்தங்க இருக்காங்க, அவங்க லேடி மேனர்ஸ், லேடி சட்டர்ஜி வேற, குழப்பிக்காதீங்க. டாஃப்னி தங்கியிருக்கறது லேடி சட்டர்ஜி வீட்டுல, அவங்களா நடிச்சது ஜோரா செகல், பின்னாடி இந்திப் படங்கள்ல குறும்புக்காரப் பாட்டியா வந்து கலக்குனாங்களே, அவங்கதான்.

ரெண்டாவது கட்டம் பான்கோட், மலை ஊரு. லேட்டன் குடும்பம். அப்பா கர்னல், ஜெர்மனில போர்க்கைதி, அதனால ரொம்ப நாள் கண்ணுல படமாட்டாரு. அம்மா மில்ட்ரெட், கையில எப்பவும் கிளாஸ். மூத்த பொண்ணு சாரா, இளையவ சூசன். கர்னலோட சித்தி, அதாவது அவரு அப்பாவோட ரெண்டாவது சம்சாரம், மேபல், அவங்க வீட்டுல தங்கியிருக்கற ரிட்டையர்டு டீச்சரம்மா பார்பி. சாராவையும் சூசனையும் முதல்லயே முகத்தைப் பாத்து பிரிச்சு வச்சுக்கங்க, அமைதியா எல்லாத்தையும் கவனிக்கறவ சாரா.

மூணாவது மீரட் இல்ல, மிராட். இது கற்பனை சமஸ்தானம். நவாபா சயீத் ஜாஃப்ரி, திவானா ஒரு ரஷ்யாக்காரக் கிழவர், பேரு பிரோனோவ்ஸ்கி, அவங்ககிட்ட வேலை பாக்கற அகமது காசிம். நாலாவது கட்டத்தை சும்மா விட்டு வைங்க, பத்தாவது எபிசோடுல பம்பாய்ல ஒரு மகாராணி வீட்டு பார்ட்டில கய் பெரான்னு ஒரு சார்ஜன்ட் வருவான், சார்லஸ் டான்ஸ் நடிச்சது, அவனை அங்க எழுதிக்கங்க.

மாயாப்பூர், பான்கோட், மிராட், ரான்பூர் எதையும் மேப்புல தேடாதீங்க, எல்லாமே எழுத்தாளர் கட்டின ஊருங்க. படம் எடுத்தது உதய்ப்பூர், மைசூர், சிம்லா, காஷ்மீர், மிச்சம் மான்செஸ்டர் ஸ்டூடியோவுல. நடுவுல அங்க ஒரு தீவிபத்துல செட்டெல்லாம் எரிஞ்சு போயி திருப்பிப் போட்டு எடுத்தாங்க.

நாலு தேதி மனசுல இருக்கட்டும்

பேப்பருக்கு அடியில இதையும் எழுதிக்கங்க. 1942 பிப்ரவரி, சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில விழுந்துச்சு. 1942 ஆகஸ்ட் 8, பம்பாய்ல வெள்ளையனே வெளியேறு தீர்மானம், மறுநாள் விடியக்காலையே தலைவர்கள் கைது. 1944ல இம்பால் கோஹிமா சண்டை. 1947 ஆகஸ்ட்.

ஆகஸ்ட் 9ங்கற அந்த ஒரு நாள்தான் முதல் ரெண்டு எபிசோடோட அச்சாணி. அன்னிக்கு ராத்திரி மாயாப்பூர்ல பீபிகர் தோட்டத்துல டாஃப்னியை ஒரு கும்பல் கெடுத்துடுது. ஊரே கொந்தளிச்சுக் கெடக்கற நேரம், போலீஸ் சூப்பரிண்டெண்டு மெரிக் யாரைப் புடிக்கறான், ஏன் புடிக்கறான்ங்கறதுதான் கதை. விசாரணையே இல்லாம ஆளை உள்ள வைக்கலாம்னு பாதுகாப்பு விதி அப்ப அமல்ல இருந்துச்சு, அதைத் தெரிஞ்சுக்கிட்டா, ஏன் கோர்ட்டு சீனே வரலைன்னு கேக்க மாட்டீங்க.

முகமது அலி காசிம்னு ஒரு காங்கிரஸ் தலைவர் வருவாரு, மாகாண முதல்வரா இருந்து ராஜினாமா பண்ணவரு, 1942ல கைதாவாரு. இந்த ராஜினாமா என்னன்னு வெளிநாட்டுக்காரங்களுக்கு விளக்கணும், நமக்கு வேண்டாம். சேலத்துல வக்கீலா இருந்து 1917ல நம்ம முனிசிபாலிட்டி சேர்மனான ராஜாஜி 1937ல மெட்ராஸ் மாகாண பிரீமியர் ஆனாரு, 1939ல போர் வந்ததும் எல்லா காங்கிரஸ் மந்திரிசபையும் ராஜினாமா பண்ணப்ப அவரும் பண்ணாரு. ஆனா 1942 போராட்டத்துக்கு அவரு ஒத்துக்கல, கட்சியை விட்டே விலகி நின்னாரு, ஜெயிலுக்கும் போகல. காசிம் வர்ற சீன்லயெல்லாம் ராஜாஜியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, அப்ப ஒரு காங்கிரஸ்காரனுக்கு முன்னாடி எத்தனை வழி இருந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் என்ன வெலைன்னு சட்டுனு புரியும்.

பின்பாதில ஐஎன்ஏ விஷயம் நெறய வருது. வெள்ளைக்கார ஆபீசருங்க அவங்களை துரோகிங்கன்னே பேசுவாங்க. நேதாஜி படையில சேந்ததுல மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழங்க எவ்வளவு பேருன்னு நமக்குத் தெரியும், ஜான்சி ராணி படைக்குத் தலைமை தாங்குன கேப்டன் லட்சுமி மெட்ராஸ்காரங்க. சீரியல் இந்தப் பக்கத்துக் கதையை அவ்வளவா சொல்லாது. நீங்கதான் அதைக் கொண்டுவந்து சேத்துக்கணும்.

எந்த வேகத்துல பாக்கறது

ஒரே மூச்சுல பாக்காதீங்க, மொத்தம் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல வரும். முதல் எபிசோடு மட்டும் டபுள் சைஸு, மிச்சமெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள்ள. ஒண்ணையும் ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடுங்க, நடுவுல விட்டா அந்த ராத்திரியோட சூடு ஆறிப்போயிரும். மூணாவதுக்கு அப்புறம் ரெண்டு நாள் கேப் விடுங்க. ஏன்னா நாலாவதுல இருந்து வேற கதை மாதிரி இருக்கும்.

இங்கதான் எல்லாரும் விட்டுட்டு ஓடறது. டாஃப்னி ஹரி காதல் கதைன்னு நம்பி உக்காந்தவங்களுக்கு திடீர்னு ஒரு கல்யாண வீடு, பட்டாளத்து ஆபீசருங்க, மலைமேல சீட்டு வெளையாடற அம்மாங்க, டீ பார்ட்டி. ஹரி எங்க போனான், இவங்கெல்லாம் யாரு, எனக்கு எதுக்கு இவங்க கல்யாணம்னு தோணும். தோணும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க: கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நிக்கறது யாரு? மெரிக். மாயாப்பூர்ல இருந்து அவன் மட்டும்தான் கூடவே நடந்து வர்றான். ஹரியைக் காணோம்ங்கறதும் கதையோட ஒரு பாகம்தான், அவன் இல்லாத எடத்துல எல்லாம் அவனைப் பத்தி யாராச்சும் பேசாம இருக்கறாங்களான்னு பாருங்க. இந்த சீரியல் காதல் கதை இல்லைங்க, ஒரு அநியாயம் நடந்து அது ஒரு ஃபைலுக்குள்ள போனதுக்கப்புறம், அந்த ஃபைல் இருக்குன்னே தெரியாதவங்க வீடு வரைக்கும் அது எப்படி நடந்து போகுதுங்கற கதை. அப்படிப் பாத்தா நாலுல இருந்து எட்டு வரைக்கும்தான் உண்மையான சரக்கு, அதைத் தாண்டிட்டீங்கன்னா மிச்சம் தானா இழுத்துட்டுப் போயிரும்.

எதைக் கவனிக்கறது

முதல்ல பேச்சு. நமக்கு எல்லா வெள்ளைக்காரன் இங்கிலீஷும் ஒண்ணுதான், ஆனா இதுல அப்படி இல்ல. ஹரி ரெண்டு வயசுல இங்கிலாந்து போனவன், சில்லிங்பரோன்னு பெரிய பணக்காரப் பசங்க படிக்கற ஸ்கூல்ல படிச்சவன், அங்க அவன் பேரு ஹாரி கூமர். அப்பா நொடிச்சு செத்துப்போக, பதினெட்டு வயசுல மாயாப்பூர்ல அத்தை வீட்டுக்கு வந்து விழறான், உள்ளூர் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. மெரிக்கு சாதாரண வீட்டுப் பையன், சாதாரண ஸ்கூலு, படிச்சுப் பரீட்சை எழுதி முட்டி மோதி மேல வந்தவன். இப்ப முதல் எபிசோடுல சிஸ்டர் லுட்மிலா இடத்துல ரெண்டு பேரும் முதல் தடவை மோதற சீனைப் பாருங்க. ராத்திரி குடிச்சுட்டு எங்கயோ விழுந்து கெடந்த ஹரியை அங்க தூக்கிட்டு வந்திருப்பாங்க, காலையில முகம் கழுவிட்டு நிப்பான், மெரிக் வந்து அதிகாரமா கேள்வி கேப்பான், ஹரி வாயைத் திறந்து பதில் சொல்லுவான். அந்தப் பதில்ல இருக்கற இங்கிலீஷ் மெரிக்கோடதைவிட ஒசத்தி. மெரிக் மூஞ்சில ஒரு நொடி என்னமோ ஓடும். சாதிக் கணக்கு போட்டே வளந்த ஊர்க்காரங்க நாம, அந்த ஒரு நொடி நமக்குப் புரியற மாதிரி வேற யாருக்கும் புரியாது. அதுக்கு மேல அவன் பண்றது எல்லாத்துக்கும் வேர் அங்கதான் இருக்கு, அந்த சீனை ஒரு தடவை ரீவைண்ட் பண்ணிப் பாருங்க, தப்பில்ல.

டிம் பிகாட்ஸ்மித் மெரிக்கா நடிச்சதுக்கு பாஃப்டாங்கற பிரிட்டிஷ் விருது வாங்குனாரு. அவனை வில்லன்னு முத்திரை குத்திட்டு பாக்காதீங்க. எங்க சித்தி கூட உக்காந்து பாத்தப்ப அவங்க நடுவுல நடுவுல கேட்டுட்டே இருந்தாங்க, "ஏங்கண்ணு, இவன் நல்லவனா கெட்டவனா, எனக்கு இவன் மேல பாவமா வருதே, வரலாமா?" வரலாம். வரணும்னுதான் எடுத்திருக்காங்க.

அடுத்து ஒரு படம். விக்டோரியா மகாராணி சிம்மாசனத்துல உக்காந்திருக்க, இந்திய ராஜாக்கள் எல்லாம் காணிக்கை குடுக்கற மாதிரி ஒரு ஓவியம். எட்வினா கிரேன் ஸ்கூல்ல பசங்களுக்குப் பாடம் நடத்தறதுக்கு வச்சிருந்தது, சீரியல் பேரே இதுல இருந்துதான். அது யாரு கையில இருந்து யாரு கைக்குப் போகுது, யாரு அதை வாங்கிக்க மாட்டேங்கறா, எந்தப் பெட்டிக்குள்ள கெடக்குதுன்னு மட்டும் ஒரு கண்ணு வச்சிருங்க.

அப்புறம் பார்பி. வயசான ரிட்டையர்டு மிஷன் டீச்சர், கல்யாணம் ஆகல, வாய் ஓயாது, யாரும் மதிக்கறதில்ல. முதல் ரெண்டு சீன்ல எரிச்சலா இருக்கும். பெக்கி ஆஷ்கிராஃப்ட் நடிச்சது, அவங்களுக்கும் பாஃப்டா. என்னைக் கேட்டா மொத்த சீரியல்லயும் பெரிய ஆளு அந்தம்மாதான், ஹரியும் இல்ல டாஃப்னியும் இல்ல.

பின்னாடி நிக்கறவங்க

இது நானா கண்டுபுடிச்ச யோசனை இல்ல, எங்க சித்தி சொல்லிக் குடுத்தது. அவங்க அப்பா ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட்ல கணக்குப்பிள்ளை, பெரிய துரை சின்ன துரை பங்களாவுக்குள்ள சின்ன வயசுல போயி வந்தவங்க. பான்கோட் சீன்ல லேட்டன் வீட்டு வராண்டாவுல அம்மாங்க உக்காந்து ஊர்க்கதை பேசறாங்க, நாங்க எல்லாம் அவங்க பேசறதையே பாத்துட்டு இருக்கோம், சித்தி மட்டும், "அந்த ட்ரே புடிச்சிட்டு நிக்கறானே, அவன் மூஞ்சியைப் பாரு, அவனுக்கு எல்லாம் தெரியும், எங்க பங்களா பட்லரும் இப்படித்தான் செவுத்தைப் பாத்துட்டு நிப்பாரு, சாயந்தரம் லைன் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாம ஒப்பிப்பாரு"ன்னாங்க. அதுக்கப்புறம் எனக்கு இந்த சீரியலே வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சிருச்சு.

எழுத்தாளர் சல்மான் ருஷ்டி 1984லயே இதைப் போட்டுக் கிழிச்சாரு, இந்தியாவோட கதையில இந்தியங்க எல்லாம் ஓரமா வந்துட்டுப் போறாங்க, நடந்த அநியாயத்துக்கு அடையாளமா ஒரு வெள்ளைக்காரப் பொண்ணைக் கெடுக்கறதை எதுக்கு வைக்கணும்னு. அவர் சொன்னதுல நியாயம் இருக்கு, மறுக்கவே முடியாது. ஆனா பாக்காம விட்டுடலாம்னு நான் சொல்ல மாட்டேன். வசனம் இல்லாம ஓரத்துல நிக்கற பட்லர், ஆயா, குதிரைக்காரன், ஜெயில் வார்டர் இவங்களை நாம பாக்கலாமே, யாரு தடுக்கறா.

யாரோட பாக்கறது

குழந்தைங்களோட வேண்டாம். காட்டறது குறைவுதான், ஆனா பலாத்காரம், போலீஸ் ஸ்டேஷன்ல நடக்கற சித்திரவதை, 1947 வெட்டு குத்து எல்லாம் கதையோட நடுவுல இருக்கு, சத்தமில்லாம காட்டறதால இன்னும் உறுத்தும். காலேஜ் படிக்கற வயசுன்னா தாராளமா. மூணு நாலு பேரு சேந்து பாத்தா நல்லது, ஒருத்தருக்கு பேரு மறந்தாலும் இன்னொருத்தருக்கு ஞாபகம் இருக்கும். தட்டுவடை செட்டு வாங்கி வச்சுக்கறவங்க எபிசோடு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தின்னு முடிச்சிடுங்க, பீட்ரூட்டு கேரட்டு துருவல் எல்லாம் சட்டையில சிந்தறதைப் பாத்துட்டு இருந்தா முக்கியமான வசனம் போயிரும், அதோட தட்டுவடை கடிக்கற சத்தத்துல பக்கத்துல இருக்கறவருக்கும் கேக்காது.

முடிஞ்சா நடுவுல ஒருதரம் ஏற்காடு

சேலத்துல இருக்கறவங்களுக்கு கெடச்ச வசதி இது, வேற ஊர்க்காரங்களுக்குக் கிடையாது. மூணாவது எபிசோடுக்கும் நாலாவதுக்கும் நடுவுல கேப் விடச் சொன்னேன் இல்ல, அந்த கேப்புல ஒருநாள் பஸ் புடிச்சு மேல போயிட்டு வாங்க. இருவது கொண்டை ஊசி வளைவு, கீழ அஸ்தம்பட்டியில வேர்த்து ஊத்திட்டு ஏறுனவங்க மேல எறங்கும்போது துண்டைப் போத்திக்குவாங்க. அந்த வித்தியாசத்தை உடம்புல வாங்கிக்கங்க, வெயில்காலம் வந்தா வெள்ளைக்காரன் ஆபீசோட பெட்டியைக் கட்டிட்டு ஏன் மலைக்கு ஓடுனான், மாயாப்பூர்ல ஊரு எரியும்போது பான்கோட்ல எப்படி சாவகாசமா டீ குடிக்க முடிஞ்சுதுன்னு விளக்கம் இல்லாமலே தெரியும்.

படகுத் துறை கூட்டத்துல மாட்டிக்காதீங்க. பழைய சர்ச்சுப் பக்கம் போங்க, கல்லறைக் கல்லுல பேரும் வயசும் படிங்க. எஸ்டேட் ரோட்டுல நடந்து ஓட்டுக்கூரை பங்களா ஏதாவது கண்ணுல பட்டா வெளிய இருந்தே பாருங்க, உள்ள போக விட மாட்டாங்க. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரைதான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவரு, கிரேஞ்ச் எஸ்டேட்டு அவரோட பேரைச் சொல்லிட்டு இன்னும் இருக்கு. பான்கோட்டு பட்டாளத்து ஊரு, இது தோட்டத்து ஊரு, ரெண்டும் ஒண்ணு இல்லதான். ஆனா மேபல் அம்மாவோட ரோஸ் காட்டேஜ் தோட்டம், அந்த வீடு அடுத்து யாருக்குங்கற சண்டை, இதெல்லாம் வரும்போது உங்க கண்ணுக்கு ஒரு எடம் இருக்கும். தமிழ் ஆளுங்க அந்தக் கதையில இல்ல, ஆனா அந்த மாதிரி பங்களாவுக்கு வெளிய மரத்தடியில காத்துக்கிட்டு இருந்தது நம்ம ஆளுங்கதான்.

மழைக்காலத்துல போனா கரண்டு போகும், அதனால அங்கயே ரூம் போட்டு லேப்டாப்புல பாத்துக்கலாம்னு பிளான் பண்றவங்க சார்ஜ் ஃபுல்லா ஏத்திட்டுப் போங்க.

முடிச்சதுக்கப்புறம்

பதினாலாவது எபிசோடு முடிஞ்சதும் உடனே புக்குக்குப் போகாதீங்க, ஒரு வாரம் விடுங்க. அப்புறம் முதல் நாவலை எடுங்க, வரிசை மாத்தாதீங்க: ஜுவல் இன் தி கிரவுன், டே ஆஃப் தி ஸ்கார்பியன், டவர்ஸ் ஆஃப் சைலன்ஸ், டிவிஷன் ஆஃப் தி ஸ்பாய்ல்ஸ். மூணாவது நாவல் முக்கால்வாசி பார்பியோட கண்ணுல இருந்து போகுது, ரெண்டாவதுல பாத்த அதே சம்பவங்கதான் திரும்ப வரும், அதைப் பாத்து சலிச்சுக்காதீங்க, வேற ஆளு வேற எடத்துல இருந்து பாக்கறாங்க, அதுல தெரியறது வேற. நாலும் ஒரே மூச்சா முடியலைன்னா முதலையும் மூணையும் மட்டுமாவது படிங்க.

ரெண்டாயிரம் பக்கமா, ஆளை விடுங்கன்னு சொல்றவங்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. இதே எழுத்தாளர் ஸ்டேயிங் ஆன்னு சின்ன நாவல் ஒண்ணு எழுதினாரு, 1977ல புக்கர் பரிசு வாங்குச்சு, மறுவருஷமே அவரு போய்ச் சேந்துட்டாரு. இந்தக் கதையில ஓரமா வந்துட்டுப் போற ஒரு பட்டாளத்துக்காரரும் அவர் சம்சாரமும் சுதந்திரத்துக்கு அப்புறமும் ஊருக்குத் திரும்பாம அதே பான்கோட்ல தங்கிடறாங்க. 1980ல இதையும் கிரானடாதான் டிவி படமா எடுத்துச்சு, அது நல்லா ஓடுன தைரியத்துலதான் பதினாலு எபிசோடுக்கே காசு போட்டாங்க. சிரிச்சுட்டே படிக்கலாம், ஆனா சீரியலை முடிக்கறதுக்கு முன்னாடி தொடாதீங்க, யாரு மிஞ்சுனாங்கன்னு அதுல போட்டு உடைச்சிருப்பாரு.